குமிழியைக் கீழே கூப்பிட்டவன்

அறுபத்தெட்டு போய்விட்டது, சம்பூர்ணம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தால் நல்லது. திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வரும், அது வந்தால் நான் வண்டியை நிறுத்தியாக வேண்டும், அதுதான் எங்களுக்குள் பேச்சு. காலையில் கிளம்பும்போது சாமி படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசிக்கொண்டே சொன்னாள், "வர்றனுங்க. ஆனா எறங்கறப்ப நான் நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்திப்போடோணும். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கப்படாது." சரி என்றேன். முப்பத்தோரு வருடக் கல்யாணத்தில் நான் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்ன விஷயம் வேறொன்று இல்லை. கொல்லிமலை ரோட்டில் மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள், ஏறுகிறவனுக்கு ஒன்றில் ஆரம்பித்து எழுபதில் முடியும், இறங்குகிறவனுக்கு எழுபதில் ஆரம்பித்து ஒன்றில் முடியும், எனக்கு மட்டும் எல்லாம் முப்பத்தேழில் வந்து நிற்கும். அறுபத்தேழு. இரண்டாவது கியர், காலை பிரேக் மேல் லேசாக வைத்தேன், வண்டி தலையை ஆட்டாமல் குறைந்தது, திருப்பினேன், விட்டேன். அவ்வளவுதான். பக்கத்தில் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். முகத்தை அல்ல, காலை. நான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அவளும் வலது காலால் தரையை மிதிக்கிறாள். அங்கே பெடல் ஒன்றும் கிடையாது, நான் வெட்டிப் போட்ட ரப்பர் விரிப்புதான் இருக்கிறது. அதை அவள் மிதிக்கிற மிதியில் தகரம் குழிந்துவிடும் போலிருக்கிறது. பரவாயில்லை, குழிந்தால் தட்டிக்கொள்ளலாம்.

தட்டுவது எனக்குப் புதிதா என்ன. இந்த வண்டியில் நான் தட்டாத தகரம் இல்லை. ஐம்பத்தெட்டாம் வருடத்துக் காரின் வெறும் உடம்பு, ஒரு கோழிப்பண்ணை மூலையில் கதவில்லாமல், தரையில்லாமல், உள்ளே முட்டை அட்டை அடுக்கி வைத்திருந்தார்கள், அதை லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தபோது நாமக்கல்லில் சிரிக்காத ஆள் பாக்கியில்லை. செங்கோடனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். முப்பது வருடமாக லாரிகளுக்கு பிரேக் வேலை பார்க்கிறேன், இந்த ஊரிலிருந்து கிளம்பி அஸ்ஸாம் வரைக்கும் போய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிற லாரிகளில் பாதி என் கை பட்டது, எனக்குப் புத்தி பிசகியதாம். ஆறு வருடம். ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலமுமாக ஆறு வருடம். தரை நான் போட்டது, கதவு நான் வளைத்தது, முன்சீட்டு பழையபடி ஒரே நீள பெஞ்சு சீட்டு, அதற்கு இடுப்பு பெல்ட்டு, இன்ஜின் ஒரு வேனிலிருந்து எடுத்த டீசல் இன்ஜின், பச்சை பெயிண்ட் மட்டும் வெளியே கொடுத்து அடித்தது, அதிலும் இரண்டாவது கோட் சரியில்லை என்று நானே தேய்த்து மறுபடி அடிக்க வைத்தேன். இன்றைக்குக் காலையில் காரவள்ளியிலிருந்து ஏறும்போது இன்னொரு காரில் வந்த பையன்கள் கண்ணாடியை இறக்கி செல்போனில் படம் எடுத்தார்கள். நான் கவனிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். கவனிக்காத மாதிரி இருப்பதற்கே தனியாக முயற்சி செய்ய வேண்டியிருந்தது. சம்பூர்ணம் கவனித்துவிட்டாள், "மூஞ்சிய நேரா வெய்யுங்க, ரோட்டப் பாருங்க" என்றாள். அறுபத்து மூன்று. நடுவில் மூன்று எப்படிப் போனது, தெரியவில்லை, கை தானாகத் திருப்பியிருக்கிறது.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை, அதை யாரும் மறுக்க முடியாது, அவளும் மறுக்கவில்லை. போன வருடம் ஆடியில் ஏறினபோது ஐம்பத்திரண்டாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்து மூடி வழியாகச் சீறியது, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றியும் போதவில்லை, அவள் மடியில் அறப்பளீஸ்வரருக்கு அபிஷேகத்துக்கு இரண்டு லிட்டர் பால் தூக்குவாளியில் இருந்தது, நான் அந்தத் தூக்குவாளியைப் பார்த்தேன், பார்த்ததுதான், கேட்கக்கூட இல்லை. "சாமி பால இதுக்கு ஊத்தோணும்னு நெனச்சீங்கன்னா நான் இப்படியே நடந்து போயிருவேன்" என்றாள். இதை அவள் தன் அண்ணனிடம் சொல்ல, அவர் ஊரெல்லாம் சொல்ல, நான் ரேடியேட்டருக்குப் பால் அபிஷேகம் செய்ததாகவே ஆகிவிட்டது, இன்றைக்கும் கல்யாண வீட்டில் யாராவது கேட்பார்கள், வண்டி பசும்பால் குடிக்குமா, பாக்கெட் பால் குடிக்குமா என்று. சிரிக்கட்டும். இந்தத் தடவை ரேடியேட்டர் பெரிது, சேலத்தில் சொல்லிச் செய்தது, மூன்று வரிசைக் குழாய், அதற்குப் பின்னால் இரண்டு கரண்டு ஃபேன், ஃபேனைச் சுற்றித் தகரக் கூடு. கூடு இல்லாமல் ஃபேன் போட்டால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும், ரேடியேட்டர் வழியாக வராது, அது எனக்கு நாலு மாதம் கழித்துத்தான் விளங்கியது. வீட்டுக் கடலெண்ணெய் டின் இரண்டை வெட்டி விரித்துச் செய்தேன். பானட்டைத் திறந்தால் இன்றைக்கும் அதில் மயில் படத்தில் பாதி தெரியும், கழுத்திலிருந்து கீழே. சூடு காட்டுகிற முள் காலையில் எழுபது வளைவும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. மேலே செம்மேட்டில் நிறுத்தி மூடி மேல் கை வைத்தேன், கை வைக்க முடிந்தது. அவளையும் கூப்பிட்டுக் கை வைக்கச் சொன்னேன். வைத்தாள். "சுடுது" என்றாள். சுடாமல் என்ன, ஐஸா வைத்திருக்கிறேன். ஆனால் அப்படிச் சொல்லும்போது உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, நான் பார்த்தேன், அதைப் பார்த்தபிறகு சாமி கும்பிடும்போதுகூட எனக்கு மயில் கழுத்துதான் ஞாபகத்தில் இருந்தது.

ஐம்பத்தெட்டு. ஒரு வாடை வருகிறதே. வாடை. பிரேக் லைனிங் கருகுகிற வாடை எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும், முப்பது வருடமாக மூக்கில் இருக்கிற வாடை, காரமாக, தொண்டையில் பிடிக்கிற மாதிரி. இல்லை, இது இனிப்பு. பலாப்பழம். டிக்கியில் இரண்டு பலாப்பழம், மேலே சந்தையில் அவள் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கியது, வெயிலுக்கு ஒன்று பழுத்துவிட்டது போலிருக்கிறது. மூச்சை விட்டேன், சத்தமாக விட்டுவிட்டேன் போலிருக்கிறது, அவள் திரும்பிப் பார்த்தாள். போன வருடம் இதே நேரம் நிஜமான வாடை வந்தது. நாற்பத்தைந்து தாண்டியதும் வந்தது. நான் கண்ணாடியை ஏற்றினேன், அவளுக்கு வரக் கூடாது என்று. என்ன புத்தி அது, வாடையை மறைத்தால் சூடு மறைந்துவிடுமா. பழைய நாள் டிரம் பிரேக், சின்ன இன்ஜினுக்காகச் செய்தது, அதன் தலையில் நான் ஒன்றரை மடங்கு எடையுள்ள டீசல் இன்ஜினை வைத்திருந்தேன், குற்றம் பிரேக்கில் இல்லை, என்னிடத்தில். முப்பத்தெட்டில் பெடல் பாதி இறங்கியது. முப்பத்தேழில் தரைவரை இறங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியருக்குத் தள்ளி, மலைப் பக்கத்து மண்ணில் சக்கரத்தை ஏற்றி நிறுத்தினேன். ரோட்டின் எதிர் ஓரத்தில் தடுப்புச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மர உச்சிகள். அவள் கதவைத் திறந்து இறங்கினாள், மேலே பிடித்து வந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை டிரம் மேல் ஊற்றினாள், சொய்ங் என்று ஆவியாகப் போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, இறங்கி வந்த அரசு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து ஆற வைத்து நான் வீடு வந்து சேர்ந்தபோது எட்டரை, சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், "இனி அந்த வண்டியில நான் கால் வெக்க மாட்டனுங்க."

அந்த வார்த்தைக்குத்தான் இந்த டிஸ்க் பிரேக். ஊரில் கேட்டால் பாதுகாப்பு, வேகம் என்று என்னென்னவோ சொல்லுவேன், உண்மை இதுதான், அவள் மறுபடி கால் வைக்க வேண்டும். ஐம்பத்தொன்று. முன்சக்கரத்துக்கு ஒரு பெரிய வேனின் டிஸ்க், அதைப் பிடிக்கிற காலிப்பர், இரண்டும் பழைய இரும்புக் கடையில் மூன்று நாள் உட்கார்ந்து பொறுக்கியது, அதை இந்த வண்டி அச்சில் உட்கார வைக்க ஒரு தகடு, அர்த்தனாரி லேத்தில் நாலு தடவை கடைந்து மூன்றைத் தூக்கி எறிந்துவிட்டு நாலாவதைக் கொடுத்தான். அர்த்தனாரி என் சோட்டு ஆள், ஒரே வயது, திருச்செங்கோடு ரோட்டில் லேத்து வைத்திருக்கிறான், அவன் கை கை, அவன் வாய் வாய். நாலாவது தகடு உட்கார்ந்ததும் மாட்டினேன். மாட்டும்போது பார்த்தேன், காலிப்பரை இருக்கிறபடி மாட்டினால் பிரேக் ஆயில் போகிற ஹோஸ் சக்கரத்துப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினால் ஹோஸ் உள்பக்கமாக வளைந்து, வகிடெடுத்த மாதிரி அழகாகப் போகிறது. போட்டேன். எனக்கு வேலை என்றால் பார்வைக்கும் இருக்க வேண்டும், அது என் திமிர், ஒத்துக்கொள்கிறேன். போட்டபிறகு பிரேக் பெடலை மிதித்தால் பஞ்சு. ஆயில் குழாயில் காற்று இருந்தால் அப்படித்தான் இருக்கும், எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருத்தர் மேலே உட்கார்ந்து மிதிக்க, ஒருத்தர் கீழே படுத்து, காலிப்பரில் காற்று வெளியே வருகிற சின்னத் திருகை, நிப்பிளை, திறந்து மூட. மிதிக்க வேறு யார், அவள்தான். வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்றவள், ஷெட்டில் நிற்கிற வண்டி என்பதால் வந்தாள். "ஓடாத வண்டிதானுங்களே" என்றாள்.

மிதி என்பேன், மிதிப்பாள். பிடி என்பேன், பிடிப்பாள். திறப்பேன், ஆயில் வரும், மூடுவேன், விடு என்பேன். மிதி, பிடி, விடு. நாலு மாதம். பக்கத்து வீட்டில் குழந்தை பேச ஆரம்பித்தபோது மிதி பிடி என்றுதான் முதலில் சொன்னதாக அதன் அம்மா வந்து குறை சொன்னாள். ஆயில் சுத்தமாக வருகிறது, ஒரு குமிழி இல்லை, அதுதான் என்னை ஏமாற்றியது, குமிழி இல்லையென்றால் காற்று இல்லை என்றுதானே அர்த்தம். ஆனால் பெடல் பஞ்சு. பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை மாற்றினேன், மறுபடி மாற்றினேன், ஹோஸ் மாற்றினேன், ஆயில் மாற்றினேன். லாரிக்காரர்கள் வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள், அந்த ஒன்றும் சொல்லாததுதான் குத்தியது. இப்போது நினைத்தால் தெரிகிறது, என் தொழில்தான் என் கண்ணை மறைத்தது. நான் பார்க்கிற லாரிக்கெல்லாம் காற்று பிரேக். அங்கே காற்றுதான் பிடிக்கும், காற்று எங்கே எப்படி இருந்தாலும் அது நம் ஆள். இங்கே பிடிக்கிறது ஆயில், காற்று எதிரி. முப்பது வருடமாகச் சிநேகிதனாக இருந்தவன் திடீரென்று திருடனாக வந்தால் அவன் எங்கே ஒளிவான் என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. நாற்பத்தாறு. வண்டி நின்றபடியே இறங்குகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவு அடக்கம். யாராவது பார்க்க வேண்டும் இதை. பார்க்க வேண்டியவள் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள்தான் சொன்னாள். இதை நான் மனசுக்குள்ளேகூட மெதுவாகத்தான் சொல்லிக்கொள்ள முடிகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆயில் வாங்கப் போய்விட்டு வந்தபோது சீட்டில் அவள் இல்லை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, காத்து வர்ற வாயி எதுங்க?" காட்டினேன். நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. "நம்ம சமையக்கட்டுல கேன் தண்ணி கவுத்து வெச்சிருக்குதுல்லீங்க. ஒவ்வொரு தடவ தண்ணி புடிக்கறப்பவும் குமிழி குளுகுளுன்னு மேலதானுங்க போகுது. நீங்க வாயிய அடியில வெச்சுக்கிட்டு குமிழியக் கீழ கூப்புடறீங்க. அது எப்படீங்க வரும்?" எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நாலு மாதமும் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. இடம் மாற்றி மாட்டியதில் காலிப்பர் தலைகீழாக நிற்கிறது, மேலே இருக்க வேண்டிய நிப்பிள் அடியில், காற்று உச்சியில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது, நான் அடியில் திறந்து சுத்தமான ஆயிலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹோஸ் அழகாகப் போக வேண்டும் என்று. விளங்கியதும் நான் என்ன செய்தேன்? "போயி சோத்துக்கு வழியப் பாரு, பிரேக்க எனக்குச் சொல்லித் தர வந்துட்டா" என்றேன். பக்கத்தில் இரண்டு டிரைவர்கள் நின்றிருந்தார்கள், அதனால் சொன்னேன். அவர்கள் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். அவள் சேலையை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

அதோடு விட்டேனா. அடுத்த செவ்வாய் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, அர்த்தனாரியைக் கூப்பிட்டு மிதிக்க உட்கார வைத்து, காலிப்பர் இரண்டையும் கழற்றி இடம் மாற்றினேன். நிப்பிள் மேலே வந்தது. முதல் மிதிக்கே பிசுபிசுவென்று நுரை, இரண்டாவது மிதிக்கு நுரை, பத்தாவது மிதிக்குப் பெடல் கல். அர்த்தனாரி கத்திவிட்டான். "எப்படிடா புடிச்ச?" என்றான். அந்த இடத்தில் வாயில் நாக்கு இருந்தது, நாக்கில் அவள் பேர் இருந்தது, வந்ததோ வேறு. "யோசிச்சேன்" என்றேன். "காத்து மேலதானே போகும்." அர்த்தனாரி அதைத் திருச்செங்கோடு ரோடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தான். தண்ணிக் கேன் கதையை வேறு நானே சேர்த்துச் சொல்லியிருந்தேன், என் சொந்த யோசனை மாதிரி. சாயங்காலம் அவள் வந்து கேட்டபோது, "மாஸ்டர் சிலிண்டர்ல வாஷர் போயிருந்துச்சு, மாத்தீட்டேன், சரியாப்போச்சு" என்றேன். "அப்படீங்களா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அந்த அப்படீங்களாவைத்தான் நான் அன்றைக்கிலிருந்து திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம்பிக் கேட்ட அப்படீங்களாவா, எல்லாம் தெரிந்து கேட்ட அப்படீங்களாவா. அதற்கப்புறம் மூன்று முறை கொல்லிமலைக்குக் கூப்பிட்டேன், இரண்டு முறை முடியாது என்றாள், மூன்றாம் முறைதான் அந்த நிபந்தனையோடு வந்தாள். வாஷரை நம்பி உட்கார்ந்திருக்கிறாளா, என்னை நம்பியா? வாஷர் என்பது பொய், பிரேக் என்பது நிஜம், நிஜமான பிரேக்கை ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாற்பத்தொன்றில் பஸ் வந்தது. ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், அதுதான் மலை மரியாதை, ஆனால் அவன் வளைவு முழுக்க எடுத்துக்கொண்டு திரும்புகிறான், ஹார்ன் சத்தம் கேட்பதற்கும் அவன் கண்ணாடி தெரிவதற்கும் நடுவே நேரமே இல்லை. மிதித்தேன். யோசித்து மிதிக்கவில்லை, பயந்து மிதித்தேன், முழு உடம்பையும் வைத்து மிதித்தேன். பெடல் பாதி தூரம்கூடப் போகவில்லை. வண்டி மூக்கைத் தாழ்த்தி, நேராக, இடது வலது இழுக்காமல், நின்றது. டிக்கியில் பலாப்பழம் இரண்டும் உருண்டு வந்து சீட்டு முதுகில் தொம் தொம் என்று இடித்தன. பஸ்காரன் இரண்டடி தள்ளி முனகிக்கொண்டு ஏறிப் போனான், போகும்போது வண்டியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். நெஞ்சுக்குள் ஒன்று எழுந்து நின்று மார்தட்டியது, பார்த்தாயா, பார்த்தாயா என்றது. என் வேலை. என் வண்டி. உலகத்தில் எந்தக் கம்பெனியிலும் இப்படி ஒரு வண்டி செய்து கொடுக்க மாட்டான். வாய்வரை வந்துவிட்டது, எப்படி நின்றது பார்த்தாயா என்று கேட்க. திரும்பினேன். அவள் கால் விரிப்பில் அழுந்தி, விரல்கள் வெளுத்திருந்தன. நாலு மாதம் எனக்காக மிதித்த கால். இங்கே நின்றது யார் காலில்? கேட்க வந்ததை விழுங்கிவிட்டுக் கியரைப் போட்டேன். நாற்பது. முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு.

"நிறுத்துங்க."

நிறுத்தினேன். முப்பத்தேழு. அதே மலைப் பக்கம், அதே தடுப்புச் சுவர், பலகையில் அதே நம்பர். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்கவில்லை. பெல்ட்டைக் கழற்றுகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், அந்தக் கதவுக் கீலுக்கு நான் வைத்த எண்ணெய் நன்றாக இருக்கிறது, கிரீச் இல்லை, இதையா இப்போது நினைக்கிறேன். பிரேக் பிடிக்கிறதே, பஸ்ஸுக்கு நின்றதே, வாடை வரவில்லையே, இன்னும் என்ன. பஸ் வரும், கை காட்டுவாள், போய்விடுவாள், இந்த முறை போனால் அவ்வளவுதான், இந்த வண்டி வெறும் வண்டியாகிவிடும், பையன்கள் படமெடுக்கிற பச்சை வண்டி. நல்ல பிரேக், நல்ல ரேடியேட்டர், பக்கத்து சீட்டு காலி. கண்ணாடியில் தேடினேன், ரோட்டில் அவள் இல்லை. பையும் சீட்டில்தான் இருந்தது. எட்டிப் பார்த்தால், வளைவுக்காகத் திரும்பி நின்ற இடது முன்சக்கரத்துக்குப் பின்னால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். செல்போன் லைட்டை உள்ளே அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு உட்கார்ந்த அதே மாதிரி. எழுந்து வந்தாள். ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள்.

"வாயி மேல இருக்குதுங்க."

"ஆமா."

"வாஷருன்னீங்க."

"வாஷர் இல்ல, சம்பூர்ணம்." இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் மறைந்துகொள்ளலாம் போலிருந்தது, அணைத்தேன். "நீ சொன்னதுதான். நீ தங்கச்சி ஊட்டுக்குப் போனன்னிக்கி மாத்தினேன். உங்கிட்டச் சொல்ல எனக்கு வாயி வல்ல."

"அர்த்தனாரி அண்ணன் சம்சாரம் எங்கிட்டயே வந்து சொல்லுது, உங்கூட்டுக்காரருக்குத் தண்ணிக் கேனப் பாத்து யோசன வந்துச்சாமான்னு. ஆமாங்கக்கான்னு சொல்லிப்போட்டு வந்தேன்." முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள், கோபமாகக்கூட இல்லை. "எனக்குப் பேரு வேண்டாமுங்க. ஆனா ஊருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு சொன்னா, நீங்க மெய்யாலுமே மாத்துனீங்களா, இல்ல ரோசத்துல வாஷரப் போட்டுட்டு அப்படியே உட்டுட்டீங்களான்னு எனக்கெப்படித் தெரியும்? அத நம்பி எழுவது வளைவு எறங்கோணுமல்லோ?"

அப்படியென்றால் எழுபதிலிருந்து முப்பத்தேழு வரை அவள் அது தெரியாமலேயே உட்கார்ந்து வந்திருக்கிறாள். என் ரோஷம் அவ்வளவு பெரியது என்று தெரிந்தும் உட்கார்ந்து வந்திருக்கிறாள். பெரிய பிரேக்குக்காரன் நான். சுரீர் என்றது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கத்தில் வந்ததா, பிரியத்திலா, பிரித்துப் பார்க்க நேரமில்லை, பின்னால் ஒரு ஜீப்காரன் ஹார்ன் அடித்தான். வண்டியை எடுத்தேன். "முன்னமே பாத்திருக்கலாமல்ல, ஷெட்டுலயே?" என்றேன். "நீங்க நேராச் சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தனுங்க" என்றாள், "அதுக்குத்தான் முப்பத்தேழு வரைக்கும் டைம் குடுத்தேன்." முப்பத்தாறு. முப்பத்தைந்து. இதற்குக் கீழே அவளோடு இந்த வண்டியில் நான் இறங்கியதே இல்லை, ரோடே புதிதாக இருந்தது, மூங்கில் புதர், ஒரு குரங்குக் கூட்டம், கீழே வயலும் தென்னந்தோப்பும் பளிச்சென்று. இருபத்தொன்பதில் மிதித்தபோது பழக்கமாகப் பக்கத்தில் பார்த்தேன், அவள் கால் விரிப்பில் இல்லை. எங்கே போனது என்று பார்த்தால், இரண்டு காலையும் தூக்கி மடக்கி, வீட்டில் டிவி முன்னால் உட்காருகிற மாதிரி பெஞ்சு சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு மலை வாழைப்பழச் சீப்பு, உரித்துக்கொண்டிருந்தாள். காலையே எடுத்துவிட்டாள். நான் மிதிக்கிறேன், அவள் மிதிக்கவில்லை. காலையில் அந்தப் பையன்கள் படமெடுத்தபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை. பாதிப் பழத்தை என் வாய்ப்பக்கம் நீட்டினாள், "ரோட்டப் பாருங்க" என்றாள்.

காரவள்ளியில் ஒன்றாவது வளைவு முடிந்ததும் டீக்கடை, நான் நிறுத்துவதற்கு முன்பே லாரிக்காரர்கள் நாலைந்து பேர் எழுந்து வந்துவிட்டார்கள், அதில் ஒருத்தன் நம் ஷெட்டுக்கு வருகிற நாச்சிமுத்து. குனிந்து சக்கரத்துக்குக் கிட்டே கை காட்டிச் சூடு பார்த்தான், முள்ளைப் பார்த்தான், பானட்டைத் திறக்கச் சொல்லிப் பாதி மயிலைப் பார்த்துச் சிரித்தான். "எழுவதும் எறங்கி வந்து இம்புட்டுத்தான் சூடா! ஏனுங்ணா, இதுல நாலு மாசமா காத்து நிக்குதுன்னீங்களே, கடசில அந்தக் கேன் தண்ணி யோசன உங்களுக்கு எப்படீங்ணா வந்துச்சு? அர்த்தனாரிண்ணன் சொல்லிச் சொல்லி மாயறாரு." எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் முப்பது வருடமாக வாங்கிப் பழகிய பார்வை அது, வாங்க வாங்கச் சலிக்காத பார்வை. சம்பூர்ணம் கதவருகே நின்று சேலையில் ஒட்டிய வாழைநாரைத் தட்டிக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கு வல்ல நாச்சிமுத்து. நான் நாலு மாசம் குமிழியக் கீழ கூப்புட்டுக்கிட்டு இருந்தவன். கண்டுபுடிச்சது இவங்க. இவங்களக் கேளு." சத்தமாகத்தான் சொன்னேன், டீ ஆற்றுகிறவனுக்கும் கேட்கும்படி. கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னேன் போலிருக்கிறது, என் வண்டியைப் பற்றிச் சொல்லும்போது வருகிற அதே குரல்தான் வந்தது. நாலைந்து பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். லாரிக்காரர்கள் நடுவே அவள் நின்று பேசி நான் பார்த்ததில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு நாச்சிமுத்துவைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்கூட்டுல கேன் தண்ணிதான வாங்கறீங்க, தம்பி?"